திண்ணையின் வலது கோடி

என் கதைகளில் வருகிறவர்கள் பேசுகிற பேச்சு அசல் பேச்சாக இருக்கிறதென்று அவ்வப்போது யாராவது ஒரு வாசகர் எழுதுவார். அந்த மாதிரிக் கடிதத்தைப் படிக்கும்போது சந்தோஷத்தோடு கொஞ்சம் கூச்சமும் சேர்ந்து வரும். காரணம், அந்தப் பேச்சில் பாதி என் சொந்தச் சரக்கல்ல. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்து, மருமகளைப் பற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் முறையிட்டுக்கொண்டே வந்த அம்மாளுக்குச் சொந்தம். பெரிய கடைத்தெருவில் குத்துவிளக்குக்கு விலை பேசி, கோபித்துக்கொண்டு நாலு கடை தாண்டிப் போய், திரும்பி வந்து அதே விலைக்கு வாங்கிக்கொண்டு போனவருக்குச் சொந்தம். ஒட்டுக் கேட்பது தப்பென்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதையே பிழைப்பாக்கிக்கொண்டுவிட்டேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத என்னைப் போன்றவனுக்கு, காதில் விழுந்ததுதான் படிப்பு.

அந்தக் காதுகள் இரண்டில் ஒன்று, 2023-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டது.

போய்விட்டது என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. படுக்கையிலிருந்து எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது. ஆற்றில் முங்கி எழுந்தால் தண்ணீர் புகுந்துகொள்ளுமே, அந்த மாதிரி. உள்ளே மெலிதாக ஓர் இரைச்சல். பத்து மணிக்குப் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டார். வழக்கம்போல் இடது காதில் வைத்துக்கொண்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "லைன் சரியில்லை ஸார்" என்று சொல்லிவிட்டு, ஏதோ நினைப்பில் வலது காதுக்கு மாற்றினேன். கணீரென்று கேட்டது. லைனில் ஒரு கோளாறும் இல்லை.

"நேத்து ராத்திரி தலைக்கு ஊத்திக்கிட்டீங்களே, தண்ணி பூந்திருக்கும்" என்றாள் என் மனைவி. நியாயமாகத்தான் பட்டது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் கூடத்தில் குதித்தேன். நாற்பது வயதுக்கு மேல் செய்யக்கூடிய காரியமல்ல. தண்ணீரும் வரவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், "குறும்பிதான், சந்தேகமே வேண்டாம். நல்லெண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க" என்றார். மருந்துக் கடைக்காரரும் குறும்பி என்றே தீர்ப்புச் சொல்லி, அதை இளக்குகிற சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார். அஞ்சு நாள் விட்டேன். காது எண்ணெய்ப் பலகாரம் மாதிரி ஆயிற்றே தவிர, திறக்கவில்லை. அதற்குள் மன்னார்குடியில் என் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தால் தொடர்கதைக்கு ஓர் அத்தியாயம் பாக்கி. அத்தியாயத்தை அனுப்பினால் டாக்டர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை.

வலி மட்டும் இருந்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். பல் வலிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊரைக் கூட்டினவன் நான். ஆனால் இது வலிக்கவே இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மாள் ஒருவர் கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். அவரிடம் போய் உட்கார்ந்தது பதினேழாவது நாள்.

சின்ன விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார். "குறும்பி கொஞ்சங்கூட இல்லையே. ஜவ்வு நல்லா, சுத்தமா இருக்கு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தில் அந்த நிம்மதி இல்லை. "ஸார், வாயை மூடிக்கிட்டு 'ம்ம்' என்று கொஞ்ச நேரம் முனகுங்க. சத்தம் எந்தப் பக்கம் கேட்குது?"

முனகினேன். "வலது பக்கம்தான் கேட்கிறது, டாக்டர்."

பிறகு ஓர் இசைக்கவையை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் மேஜையில் தட்டிக் காட்டுவாரே, அதே இரும்புக் கவைதான். அதை முதன்முதலில் செய்தவர் 1711-இல் இங்கிலாந்தில் இருந்த ஜான் ஷோர் என்கிற எக்காள வாத்தியக்காரர் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கச்சேரிக்குச் சுருதி சேர்ப்பதற்காகப் பிறந்த சாமான் வைத்தியரின் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். அந்த ரீங்காரமும் வலது பக்கமே போயிற்று.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"இன்றைக்குப் பதினேழாவது நாள்."

டாக்டரம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல் ரெண்டு மூணு நாளிலேயே வந்திருக்கலாமே ஸார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த முனகல் சமாசாரத்தை வாசகர்கள் இப்போதே பரீட்சித்துப் பார்க்கலாம். ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு வாயை மூடி முனகுங்கள். அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். குறும்பியாலோ சளியாலோ காது அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். மந்தமான காதில் முனகல் கூடுதலாக ஒலிக்கும். அப்படியில்லாமல் நல்ல காதுக்குச் சத்தம் போய்விட்டால், கோளாறு வாசலில் இல்லை, உள்வீட்டில் என்று சந்தேகப்பட வேண்டும். இதை வைத்துக்கொண்டு நாமே டாக்டராகிவிட முடியாது. ஆனால் மருந்துக் கடைக்குப் போவதா, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதா என்கிற சந்தேகத்துக்கு இது நல்ல துணை. செவ்வாய்க்கிழமை காலையில் இந்தச் சின்ன வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் ஒற்றைக் காலில் குதித்திருக்க மாட்டேன்.

காதின் உள்வீட்டில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் எலும்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை மாதிரி நுனிகள் கொண்ட நுண்ணிய செல்கள், காதுக்குப் பதினைந்தாயிரம் போல. ஒலியை நரம்புக்கு ஒப்படைக்கிற வேலை அவற்றினுடையது. மனிதனுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சில பேருக்கு ஒரே ராத்திரியில், அல்லது இரண்டு மூன்று நாளில், இந்த உள்காது திடீரென்று சோர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு பக்கந்தான். என்ன காரணம் என்று பத்தில் ஒருவருக்குத்தான் கண்டுபிடிக்க முடிகிறதாம். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சமோ முழுவதுமோ தானே திரும்பி வருகிறது. ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கிறார்கள். முதல் சில நாளில் ஆரம்பித்தால் நல்ல பலன். இரண்டு வாரம் தாண்டத் தாண்ட நம்பிக்கை தேய்கிறது. நான் அந்த இரண்டு வாரத்தைச் சொட்டு மருந்துக்கும், கல்யாணச் சாப்பாட்டுக்கும், ஓர் அத்தியாயத்துக்கும் கொடுத்துவிட்டேன். அந்த அத்தியாயமாவது நன்றாக அமைந்ததா என்றால், அதுவும் இல்லை.

சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டுவிட்டு மாத்திரை கொடுத்தார். கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, "சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்" என்றார்கள். சத்தம் வந்ததா, நானே கற்பித்துக்கொண்டேனா என்று தெரியாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விழித்த அந்தப் பத்து நிமிஷத்தை மறக்க முடியாது. கடைசியில் மருந்தை ஊசியால் ஜவ்வு வழியாக நடுக்காதுக்கே செலுத்துவது என்று முடிவாயிற்று. வாரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. அந்த நாலு வாரமும் டாக்டரம்மாளின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மிச்சமிருக்கும் ஒரு காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அங்கே கேட்டதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். பழக்கம் விடுமா?

ஒரு நாள் நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பனார் வந்தார். பையன் காதில் பட்டாணியைப் போட்டுக்கொண்டுவிட்டான். தகப்பனார் புத்திசாலித்தனமாக, மிதந்து வரட்டும் என்று காது நிறையத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பட்டாணி ஊறிப் பருத்து உட்கார்ந்துகொண்டது. "ராத்திரி சுண்டலுக்கு ஊறப் போடுற மாதிரி ஊறப் போட்டிருக்கீங்களே!" என்று டாக்டரம்மாள் சொன்னது வெளியே கேட்டது. தானியமாக இருந்தால் ஒரு நாள் தாமதமானாலும் காது தாங்கும். பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் போடுகிற பொத்தான் மாதிரியான பாட்டரி என்றால் மணிக்கணக்கிலேயே சதையை அரித்துவிடும். அர்த்தராத்திரி என்றும் பார்க்காமல் ஓடி வர வேண்டும். உயிருள்ள பூச்சி புகுந்து துடித்தால் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அதை அடக்கலாம், அதுவும் காது ஒழுகாதவர்களுக்கு.

கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று அவள் கண்ணே சொல்லிற்று. மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகிற குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் சுலபமாகக் காதுக்கு ஏறிவிடுகிறது. பெரும்பாலும் வலிக்கு மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்த்தால் அடங்கிவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை, கடுமையான ஜுரம், காதிலிருந்து சீழ் என்றால் பொறுக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் வீங்கி, காதே முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

பொறுக்கத்தான் வேண்டும் என்று டாக்டரம்மாளே சொன்ன கேஸும் ஒன்று பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பையன். வகுப்பில் கவனிப்பதே இல்லை என்று வாத்தியார் எழுதி அனுப்பியிருக்கிறார். தகப்பனார் வேறு அதற்காகக் கை நீட்டியிருக்கிறார். பார்த்தால் ஜவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டிக்கொண்டிருக்கிறது. "மூணு மாசம் பொறுத்துப் பார்ப்போம், தானே வடியலாம். அதுவரைக்கும் முதல் பெஞ்சில உட்கார வைக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மாள். தகப்பனார் வெளியே வந்து பையன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். மகனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நம் ஊர்த் தகப்பனார்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

காதைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவருக்குச் சர்க்கரை இருபது வருஷமாம். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத வலி. மூன்று வாரமாகக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து. அவரைத் திருப்பி அனுப்பாமல் நேரே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற காது வலி சில சமயம் எலும்பு வரைக்கும் இறங்கிவிடுமாம். இன்னொருவர், புகையிலை போடுகிறவர். காது வலிக்கிறது என்று வந்தார். காது பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. டாக்டரம்மாள் கண்ணாடியை வைத்துத் தொண்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அவர் வெளியே வந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மார்ச் 3-ஆம் தேதி உலகச் செவித்திறன் தினம். எதற்காக அந்தத் தேதி என்றால், 3 என்கிற இலக்கம் காது மாதிரி இருக்கிறதாம்; மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி, ஆக இரண்டு காது. உலக சுகாதார நிறுவனத்தில் உள்ளவர்களுக்கும் சிரிக்கத் தெரிகிறது. படத்தைக் காட்டி டாக்டரம்மாள் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்பதென்றால் 80 டெசிபலில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூட்டும்போதும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும். "நீ வைக்கிற சத்தத்துக்கு உனக்கு வாரத்துக்கு அரை மணி மிஞ்சினா அதிகம்" என்றார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போயிற்று.

மூன்றாவது ஊசிக்குப் போன அன்று ஒரு விவசாயி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு காதில் பஞ்சு. பக்கத்தில் உட்கார முடியாத ஒரு நாற்றம். "வலிக்குதா?" என்று டாக்டரம்மாள் கேட்க, "வலி ஏதும் கிடையாதுங்க. சின்ன வயசிலேர்ந்து இப்படித்தான், வரும், நின்னுடும். நிறைய எல்லாம் வராதுங்க" என்று அந்தக் காதுக்காகப் பரிந்து பேசினார். நிறைய ஒழுகினால் கூடப் பரவாயில்லையாம். கொஞ்சமாக, நாற்றத்தோடு ஒழுகுகிறதே, அதுதான் ஆபத்து. தோல் உள்பக்கமாக வளர்ந்து, எலும்பை அரித்துக்கொண்டே போகும். முகம் ஒரு பக்கம் கோணலாம், தலை சுற்றலாம், மூளைக்கே கூடப் போகலாம். ஆப்பரேஷன் தவிர வழியில்லை என்றார் டாக்டரம்மாள்.

நான் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சின்ன அத்தையின் காதிலும் எப்போதும் அப்படி ஒரு பஞ்சு இருக்கும்.

சின்ன அத்தை 1946-இல் பிறந்தவள். அப்பாவுக்குக் கடைசித் தங்கை. ஆறு வயதில் மணல்வாரி அம்மை வார்த்து, அது இறங்கியபோது வலது காது ஒழுக ஆரம்பித்தது. அந்த அம்மைக்குத் தடுப்பூசி நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று வந்ததே 1985-இல்தான். காதில் சீழ் வருவது உடம்புச் சூடு வெளியேறுவது, நிறுத்தினால் தலைக்கு ஏறிவிடும் என்று என் பாட்டி நம்பினாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தும்பைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் அந்தக் காதுக்குள் போயின. டாக்டர் மட்டும் பார்க்கவில்லை. சொன்னது காதில் ஏறவில்லை என்று நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்று, இவள் சொன்ன பதில் ஒன்று. இரண்டு வரனுக்குப் பிறகு யாரும் வரவில்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அரசலாற்றங்கரைக் கிராமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை நீளமானது. தெருவைப் பார்த்து உட்கார்ந்தால் வலது கோடியில் ஒரு தூண். அந்தத் தூணில் வலது தோளைச் சாய்த்துக்கொண்டுதான் அத்தை உட்காருவாள். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவாள். அப்பாவைக் கூட எழுப்பியிருக்கிறாள். "ராணிக்குச் சிம்மாசனம்" என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்கு வேறொரு விளையாட்டு. அத்தை அடுக்களையில் ஏதாவது காரியமாக இருக்கும்போது அவள் வலது பக்கம் போய் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் வாய்க்கு வந்ததைச் சொல்வது. அவளுக்குக் கேட்காது. நாங்கள் சிரிப்போம். எல்லோரையும்விட நன்றாக வசனம் சொன்னவன் நான்தான். இன்றைக்கும் எனக்கு வசனம்தானே பிழைப்பு.

அந்தப் பெஞ்சில்தான் எனக்குத் திண்ணைத் தூணின் ரகசியம் விளங்கிற்று. ஏனென்றால் சில வாரமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் எனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி இடம் தேடுகிறேன். ஹோட்டலில் இடது தோளைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேர்வதில் இருக்கும் வித்தியாசம், ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. இப்போது தெருவில் ஹாரன் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் நடுவிலேயே நிற்கிறேன். கல்யாணக் கூட்டத்தில் பத்துப் பேர் பேசினால் பத்தும் சேர்ந்து கூழாகிவிடுகிறது. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். அத்தையும் அப்படிச் சிரிப்பாள், ஒரு நொடி தாமதமாக. அதைப் பார்த்துத்தான் அவளை அசடு என்று முடிவு கட்டியிருந்தோம்.

நாலு ஊசியும் முடிந்தன. கண்ணாடி அறையில் மறுபடி பார்த்தார்கள். 70 டெசிபல் சத்தம் கொடுத்தால்தான் கேட்கும் என்றிருந்த காது 50-க்கு வந்தது. வலது காதுக்கு 15 போதும். டெலிபோனை இடது பக்கம் வைத்தால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரிகிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரிவதில்லை. இரைச்சல், குக்கர் விசில் அடிக்கப் போகிற சமயத்து இரைச்சல், ராத்திரி கூட இருக்கிறது. "இவ்வளவு வந்ததே நல்லதுதான் ஸார்" என்றார் டாக்டரம்மாள். எழுந்திருக்கும்போது, "எழுபத்தேழு வயசு அத்தை ஒருத்தி இருக்கிறாள், அழைத்து வரலாமா?" என்று கேட்டேன்.

அத்தை லேசில் கிளம்பவில்லை. "சாகப்போற வயசிலே காதுக்கு என்னடா வைத்தியம்? யமன் கூப்பிட்டாக் கேட்காம இருக்கட்டும்" என்றாள். என் அண்ணி ஒரு மாதிரி சமாதானம் செய்து காரில் ஏற்றினாள். வலது காதுக்குள் நுண்ணிய கருவியை வைத்து டாக்டரம்மாள் வெகுநேரம் பார்த்தார். எனக்கு அந்தப் புகையிலைக்காரர் நினைவு வந்து வயிற்றைக் கலக்கிற்று. ஆனால், "ஜவ்வுல பெரிய ஓட்டை, ரொம்பப் பழசு. உள்ளே காஞ்சுதான் இருக்கு. கெடுதலான வகை இல்லை. தண்ணி படாம பார்த்துக்கணும், எண்ணெய் வைக்கவே கூடாது, அவ்வளவுதான்" என்றார். இடது காது வயசினால் மந்தம். அதற்கு ஒரு செவிக்கருவி பொருத்தினார்கள்.

கருவியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அத்தை மின்விசிறியைப் பார்த்தாள். பத்திரிகை புரட்டுகிற என்னைப் பார்த்தாள். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நின்று திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு இரைச்சலையும் கேட்டுக்கிட்டா இருக்கீங்க எல்லாரும்? எப்படித்தான் தூக்கம் வருது?" என்று கேட்டுவிட்டு, அதைக் கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். முதல் மாதம் அப்படித்தான் இருக்கும், தினம் கொஞ்ச நேரமாகப் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூளை, கேட்காமல் இருந்த சத்தங்களை மறுபடி ஒதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று அண்ணி பழக்கினாள். இப்போது டப்பா ராத்திரிக்கு மட்டும்தான்.

போன மாதம் கிராமத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திண்ணையில் அத்தை இல்லை. காலியாக இருந்த இடத்தில், தூணோரமாக, வலது கோடியில் நான் உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் அத்தை உள்ளேயிருந்து வந்தாள். இந்தத் தடவை என்னை எழுப்பவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை என்று நினைத்தாளோ என்னவோ, எனக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ கேட்டாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் செத்த காது அவள் பக்கம் இருந்தது. நான் என்னவென்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அவளுடைய வலது காதுதான் என் பக்கம் இருந்தது.

"என்ன அத்தை?" என்று இரைந்தேன்.

"என்னடா தம்பி?" என்று அவள் இரைந்தாள்.

எதிர்வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தை என் முகத்தையும் என் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "நகரு" என்று என் தோளைத் தட்டினாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவள் சுற்றி வந்து, தூணுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, வலது தோளைத் தூணில் சாய்த்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு" என்றாள். "அந்த மன்னார்குடிக் கல்யாணத்திலே என்ன சாப்பாடு போட்டாங்க?"